ஜாமீன் அக்கா

முதலில் சாவிக்கொத்து. பிறகு சில்லறை, கைபேசி, கடைசியாகக் கூந்தலிலிருந்து உருவிய கொண்டை ஊசி. எல்லாவற்றையும் மேசையின் ஓரத்தில் வரிசையாக வைத்து, கோட்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்து உதறிக் காட்டிய பிறகுதான் ஜாமீன் அக்கா வகுப்பில் உட்காருவார். காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நான் பக்கத்து மேசை. நீதிமன்றச் செய்தி எழுதிப் பிழைப்பவன். “சட்டம் தெரியாமல் எழுதித் தொலைக்கிறாய்” என்று பத்திரிகை ஆசிரியர் ஒருநாள் போட்ட சத்தத்தில், இந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் குற்றவியல் நீதி படிக்கச் சேர்ந்தேன். அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. டாக்டர்களின் கோட்டுப் பையில் கத்தரிக்கோலும் ஊசியும் கிடக்குமாம். பையைத் துழாவாமல் ஒரு துணியையும் இயந்திரத்துக்குள் விடமாட்டார். இந்தப் பழக்கமும் அங்கிருந்து தொற்றியதுதான் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். குற்றவியல் மாணவர்கள் அல்லவா, தடயத்தைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அந்தத் தீர்ப்பு, அக்கா ஜெபம் செய்யும் முறை வந்த அன்று தள்ளுபடியானது. எங்கள் வகுப்பு ஜெபத்தோடுதான் தொடங்கும். நாளுக்கு ஒரு மாணவர். நீதிபதிகளுக்கு ஞானம், காவலர்களுக்குப் பாதுகாப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் என்று எல்லோரும் செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றி வருவோம். அக்கா எழுந்தார். கண்ணைக்கூட மூடவில்லை.

“ஆண்டவரே, ஜெயில்ல இருக்கிற என் தம்பிக்கு முதுகுவலி விடணும். அவன் தள்ளிவிட்டு ஒடஞ்சுபோன மருந்துக்கடைக்காரர் கை நல்லா மடங்கணும். ரெண்டு பேரையும் நீங்கதான் பாத்துக்கணும்.”

ஆமென் சொல்லத் திறந்த வாய்கள் திறந்தபடியே நின்றன. அக்கா உட்காரவில்லை.

“ஆமென் சொல்லுங்கப்பா. நான் உக்கார வேண்டாமா?”

சொன்னோம். வேறென்ன செய்ய?

ஒவ்வொரு சனிக்கிழமையும் சிறைவாசலில் பையைக் காலி செய்துவிட்டு வரிசையில் நிற்பவர் என்று அதன் பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் எதற்கு இது என்று கேட்டேன். “பையைக் காலி பண்ணிட்டா எவ்வளவு நேரம்னாலும் நிக்கலாம் தம்பி. இனிமே எங்கிட்டேருந்து எவன் என்னத்தப் பிடுங்குவான்?” என்றார். பாடத்தில் எந்த வழக்கு வந்தாலும், “மொதல்ல அவனை வெளிய விடுங்க, அப்புறம் பேசலாம்” என்று தொடங்குவதால் ஜாமீன் அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

செய்தியாளன் மூக்கு சும்மா இருக்குமா? “பொய் வழக்காக்கா?” என்று ஒருநாள் மெதுவாக இழுத்தேன். முறைத்தார்.

“பொய் வழக்கா இருந்தாதான் உனக்குப் பாவமா இருக்குமோ? அவன் செஞ்சான். கதவை ஒடச்சான், காசை எடுத்தான், தடுக்க வந்தவரைத் தள்ளினான். செஞ்சவனுக்கும் அக்கான்னு ஒருத்தி இருப்பாள்ல?”

தாயாரின் ரத்த அழுத்த மாத்திரையை இன்றைக்கும் அதே கடையில்தான் வாங்குகிறார். தெருவில் வேறு கடை இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாராம். இப்போது வளைந்த கையால் மாத்திரையை எடுத்து வைக்கிறார். பேச்சு மட்டும் கிடையாது. “பேச வேணாம். நான் ஒளிஞ்சுக்கலன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும்” என்பது அக்காவின் கட்சி.

தாயாரின் கட்சி வேறு. அக்கம்பக்கத்தில் மகன் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். ஒருமுறை புத்தகம் வாங்க வீட்டுக்குப் போனபோது என்னிடமே முறையிட்டார். “உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் பொத்திப் பொத்தி வெக்கிறேன், இவ தண்டோரா போடறா.”

அக்கா என் குடையை வாங்கி, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை மடிப்பதுபோல் ஓரத்துக்கு ஓரம் நீவிச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “வெளிநாட்டுலேருந்து வரவன் வெறுங்கையோட வந்து வாசல்ல நின்னா, அன்னிக்கு என்னம்மா சொல்லுவ? இங்கதான் வரப்போறான். தலை நிமிந்து வரட்டும்.” கண்ணில் பட்ட எதையும் மடிக்காமல் விடமாட்டார். என் குறிப்புத் தாள்கள்கூட அவர் கைபட்டால் பிளீச்சிங் வாசனையோடு நறுவிசாகத் திரும்பி வரும்.

படிப்பு முடிந்தால் நன்னடத்தை அலுவலர் ஆகலாம். சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு வேலையும் இடமும் தேடிக்கொடுத்துக் கூடவே நிற்கும் வேலை. அதற்காகத்தான் இந்த வயதில் இவ்வளவு பாடும். ஆனால் கடைசி ஆண்டில் ஒரு சிறையில் பயிற்சி பெற வேண்டும். பயிற்சிக்கு முன்னால் பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் ஓர் ஆராதனை. மாணவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போய், யாருக்காக இதைப் படித்தோம் என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். சபை ஆமென் சொல்லும். பிறகு சிறைக் கண்காணிப்பாளர் கையால் பயிற்சி அட்டை.

அந்த வாரம், என்னோடு வந்துகொண்டிருந்த அக்காவைத் துறைத் தலைவர் நடைவழியில் நிறுத்தினார். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி; கெட்டவர் இல்லை.

“இங்க பாருங்கம்மா. தம்பி இருக்கிற ஜெயிலுக்கு உங்களை அனுப்ப முடியாது.”

“அது நியாயம் சார். நானே கேக்க மாட்டேன்.”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜெயில்ல போடச் சொல்லிப் பேசியிருக்கேன். அந்த ஜெயில் கண்காணிப்பாளர் ஆராதனைக்கு வந்து மொதல் வரிசையில உக்காந்திருப்பார். அட்டை குடுக்கிறதும் குடுக்காததும் அவர் இஷ்டம். நீங்க அன்னிக்கு ‘சமுதாயத்துக்காக’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கிடுங்க.”

“என் தம்பி சமுதாயத்துல இல்லையா சார்?”

“வம்பு பண்ணாதீங்கம்மா. காலேஜ் பேர் கெட்டுடும்.”

“காலேஜுக்கு யார் பேரை சார் வெச்சிருக்கீங்க? அவரும் சிலுவையில தண்டனை வாங்கினவர்தானே?”

எத்தனையோ பேரை விசாரித்தவர், அன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். “பயிற்சி இல்லன்னா பட்டம் இல்ல. யோசிச்சுக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை பாடுபட்டுக் கரைக்கு வந்துவிட்டு, ஒரு வரிக்காக முழுகிப்போக வேண்டுமா என்று அக்காவிடம் மன்றாடினேன். அவர் என் கைக்குட்டையை வாங்கி நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஆராதனையன்று சிற்றாலயம் நிறைந்திருந்தது. அக்கா புதுக் கோட்டு போட்டிருந்தார். தாயார் குடும்பத்தினர் வரிசையில். “நீதிக்காக” என்றான் ஒருவன். ஆமென். “போலீஸ்ல இருந்த எங்கப்பாவுக்காக.” ஆமென். நான் வாசகர்களுக்காக என்று முனகினேன். அதற்கும் தாராளமாக ஆமென் கிடைத்தது. அக்கா முன்னால் போய்ப் பீடத்தின் மரத்தடுப்பருகே நின்று எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

“மருந்துக்கடையை ஒடச்சிட்டு ஜெயில்ல இருக்கிற என் தம்பிக்காக.”

ஆமென் வரவில்லை. கண்காணிப்பாளர் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். தாயாரின் தலை கவிழ்ந்துவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். அடுத்தவரை வரச் சொல்லித் துறைத் தலைவர் கையசைத்தார். அடுத்து நின்றவள், போலீஸ் இன்ஸ்பெக்டராகியே தீருவேன் என்று அக்காவோடு தினமும் சண்டை போடும் பெண். அவள் அக்காவைப் பார்த்தாள்; நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டு, சாவிக்கொத்தை எடுத்து மரத்தடுப்பின் மேல் வைத்தார். பிறகு சில்லறை. பிறகு கைபேசி. கொண்டை ஊசியை உருவி அதன் பக்கத்தில் வைத்து, இரண்டு பைகளையும் வெளியே இழுத்து உதறிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.