கையெழுத்து வரிசையில் ஒரு தாகசாந்தி

போன கிழமை ரயில் நிலையத்தில் போத்தலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவரில் பொருத்திய குழாய். போத்தலைக் காட்டினால் தானே ஊற்றும். பின்னால் ஒரு பெண் பொறுமையிழந்து செருமுகிறாள். நானோ தண்ணீர் வழிந்து சப்பாத்து நனைவதும் தெரியாமல், குழாய்க்கு மேலே யாருடைய பெயராவது வெட்டியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்றவைத்தவன் ஹிஷாம்.

அவனைக் கண்ட காலத்தில் இங்கிலீஷ்காரன் நாட்டில் என் அகதிக் கேஸ் ரிஜெக்ட் ஆகி, அப்பீல் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இரண்டாயிரங்களின் முதல் வருடங்கள். ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் ஊர்ச் சிவம் அண்ணை வீட்டு மேலறையில் வாசம். வேலை செய்யக் கூடாது, நாட்டை விட்டுப் போனால் திரும்ப முடியாது. நாலு கிழமைக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, ஆற்றுக்குத் தெற்கே ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். தவறினால் பிடிப்பார்கள். தவறாமல் போனாலும் சிலரைப் பிடிப்பார்கள், அதுதான் அதிலுள்ள விசேஷம். உள்ளே போனவர் வெளியே வருகிறாரா என்று கதவையே பார்த்தபடி மதிலோரம் மணிக்கணக்காக நிற்போம்.

அந்த வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவன் ஹிஷாம். என் வயதுதான். கெய்ரோவில் பழைய கட்டடங்களை அளந்து படம் கீறுகிற வேலை பார்த்தவன். இரண்டு பேருடைய இங்கிலீசும் நொண்டி. அவன் சொன்னதை என் தமிழில்தான் சொல்கிறேன். எனக்கு வந்த கடித உறையின் பின்பக்கத்தில் ஒருநாள் ஒரு கட்டடம் கீறினான். தெருமுனையில் பெரிய ஜன்னல்கள், பித்தளைக் கம்பி வேலை. நிலத்துக்கடியில் தொட்டி, நைல் பெருகும்போது ஒட்டகங்களின் மேல் தோல் பைகளில் கொண்டுவந்து நிரப்புவார்களாம். தண்ணீர் சரிந்த பளிங்குப் பலகையில் வழிந்து குளிர்ந்து வரும். ஜன்னலில் சங்கிலியோடு செப்புக் கிண்ணம். மேல்மாடியில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அதற்கு ‘சபீல்’ என்று பெயர். வசதியுள்ளவர்கள் புண்ணியத்துக்குக் கட்டிவிடுவது. கட்டியவரின் பெயர் மேலே இருக்கும், குடிக்கிறவன் பெயரை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

“எங்கட ஊரிலயும் இருக்கு, தாகசாந்தி எண்டு சொல்லுவம்” என்றேன், விட்டுக்கொடுக்காமல். தேர்த்திருவிழாவுக்கு நாலு தடியும் ஒரு தென்னோலைக் கிடுகுமாக நாங்கள் போடுகிற தண்ணீர்ப் பந்தலை அந்தப் பளிங்குக்குப் பக்கத்தில் வைத்துக் கதைத்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஐப்பசியில் ஊரில் அம்மா செத்துப்போனா. நான் ஒரே மகன். கொள்ளி வைத்தது அத்தான். அக்கா போனில், “நீ வெளிக்கிட்டிடாத ராசா, அம்மாவும் அதைத்தான் சொன்னவ” என்று அழுதா. கட்டிலில் இருந்தபடி போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் ஒரு மகனாக நான் செய்தது. இரண்டு நாள் கழித்துக் கையெழுத்து வரிசையில் ஹிஷாமுக்குச் சொன்னேன். “ஏலுமானவன் சபீல் கட்டுவான். ஏலாதவன் வாசலில ஒரு மண்பானை வைப்பான். நீயும் உன்ர அம்மாவின்ர பேரில தண்ணி குடு” என்றான்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியும் வியாழக்கிழமையாகப் போய்விட்டது, கையெழுத்து நாள். கோவிலுக்குக்கூடப் போகமுடியாது. விடிய எழும்பித் தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டு, மூன்று பெரிய போத்தலில் கரைத்தேன். சிவம் அண்ணை குசினி வாசலில் நின்று பார்த்தார்.

“உனக்கென்ன விசரோ? அவங்கட வாசலிலயே போய்த் தண்ணிப் பந்தல் போடப் போறியோ?”

“ஓம் அண்ணை. வேற எங்க போக விடுறாங்கள்?”

ஹிஷாம் என்னைக் கண்டதும், “சங்கிலி எங்க?” என்று பகிடி விட்டான். நான் முதல் கப்பை ஊற்றி நீட்டினேன். வாங்கவில்லை. அவனுக்கு முன்னால் நின்ற சோமாலியப் பெண்ணும் தலையாட்டினாள். அப்போதுதான் மண்டையில் ஏறியது: நோன்பு மாதம். ஃபாரஸ்ட் கேட்டில் இருந்துகொண்டு, பின்னேரங்களில் நோன்பு திறக்கக் கடைகளில் கூடுகிற சனத்தை இடித்துக்கொண்டு நடந்தவன் நான். அந்தியேட்டியைத் தவிர வேறொன்றும் மூளையில் இருக்கவில்லை. அம்மாவுக்கு இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்று அழுகை வந்துவிட்டது.

“அழாத. நோன்பு மாதத்தில சபீல் ஜன்னலைப் பகலில பூட்டி, சூரியன் விழத்தான் திறப்பினம். இண்டைக்கு நாலேகாலுக்கு விழும். நிண்டு குடிப்பம்.” பிறகு, “அம்மாவின்ர பேர் என்ன?” என்றான்.

“மகேஸ்வரி.”

வரிசை முழுவதற்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். கதவடிக்கு வந்தபோது தன் இடத்தை எனக்குத் தந்தான். “நீ முதல்ல போ. வெளியில நிண்டு குடுக்கவேண்டியது நீதானே.”

எனக்குக் கையெழுத்து ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்தால் அவனவன் ஓட்டமும் நடையுமாக அந்தக் கட்டடத்தை விட்டு மறைந்துவிடுவதுதான் வழக்கம். அன்றைக்கு ஒருவரும் போகவில்லை. ஏழெட்டுப் பேர் குளிரில் மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சூரியன் எங்கே தெரிந்தது? சோமாலியப் பெண் தொழுகை நேர அட்டையைப் பார்த்துச் சொன்னாள். ஊற்றினேன். அம்மாவை ஒருநாளும் காணாதவர்கள் “மஹேஸ்வரி” என்று தடக்கித் தடக்கிச் சொல்லிக் குடித்தார்கள். பிள்ளையாய்ப் பிறந்ததற்கு ஒன்று செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்தது.

ஹிஷாமுக்கு ஒரு கப் ஊற்றி வைத்திருந்தேன். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டினார்கள். அவன் வரவில்லை. கண்ணாடியில் தட்டினேன், காவலாள் கையை வீசிப் போகச் சொன்னார்.

எனக்குப் பல வருடம் கழித்து விசா கிடைத்தது. மோர்டனில் வீடு, பிள்ளைகள். அந்த அலுவலகத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், மதிலும் இல்லை. ஹிஷாமின் போன் நம்பரைக்கூட நான் வாங்கி வைத்ததில்லை. நாலு கிழமைக்கு ஒருமுறை கட்டாயம் காணப்போகிற ஆளுக்கு நம்பர் எதற்கு என்று இருந்துவிட்டேன். ஊருக்கு ஏற்றினார்களோ, எங்காவது அடைத்து வைத்தார்களோ. அன்றைக்கு உள்ளே, சூரியன் விழுந்த பிறகாவது அவனுக்கு யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.