நாலு இடத்தில் போட்ட மனு

காசில்லாமல் கிடைக்கிற புள்ளிவிவர சாஃப்ட்வேரில் அது இல்லை, இது இல்லை என்று குறை சொல்ல எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வசதி இல்லாமல் என் பிஎச்.டி. முடியாது. பிஎச்.டி. இல்லாமல் கல்லூரியில் என் தற்காலிக வேலையும் நிற்காது.

பொதட்டூர்பேட்டையில் வீடுவீடாகப் போய், விசைத்தறிச் சத்தத்தில் ஆட்களுக்குக் காது எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதி வந்திருந்தேன். நன்றாகக் கேட்கிறது, சுமாராகக் கேட்கிறது, சரியாகக் கேட்கவில்லை என்ற மாதிரிப் பதில்கள். சாஃப்ட்வேர் ஒவ்வொருவரையும் தனி ஆளாகவே எடுத்துக்கொண்டது. ஒரு வீட்டில் தறி ஓடினால் மாமியாருக்கும் மருமகளுக்கும் சேர்த்துத்தானே இரைகிறது? ஒரே வீட்டு ஆட்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் கணக்கு வேண்டும் என்று கைடு கறாராகச் சொல்லிவிட்டார். எண்ணாக அளந்த விவரங்களுக்கு அந்தக் கணக்கு இருந்தது. நன்றாக, சுமாராக என்று நான் வாங்கி வந்த பதில்களுக்கு இல்லை. காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரின் விலையைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

இலவச சாஃப்ட்வேரை உருவாக்குகிறவர்களின் கோரிக்கைப் பக்கத்தில் எழுதிப் போட்டேன். முகம் தெரியாத சிலர் எங்களுக்கும் வேண்டும் என்று கட்டைவிரல் காட்டினார்கள். உருவாக்குகிறவர்களில் ஒருவர், நல்ல யோசனை, அடுத்த பதிப்புக்குப் பார்க்கிறேன் என்று பதில் போட்டார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சமைத்தேன். பிறகு மாதக்கணக்கில் பேச்சுமூச்சில்லை. இன்னொருவர் வந்து, நீங்களே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக்கொள்ளலாமே என்றார். எழுதத் தெரிந்தால் இங்கே ஏன் ஐயா வந்து நிற்கிறேன்?

பல்கலைக்கழகம் கடைசி முறையாகக் கெடு நீட்டித்த அன்று வீட்டில் உட்கார்ந்து அழுதேன். அக்கா வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். பாவா என்று கூப்பிடுவோம். திருத்தணி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். பட்டாவோ பென்ஷனோ, எந்த மனுவுக்கும் அடியில் நகல் என்று நாலைந்து பேரைப் போடாமல் விடமாட்டார்.

"ஒரே எடத்துல குடுத்தா அவன் அது மேல குந்திகினு இருப்பாம்மா. நாலு எடத்துல போடு. எவனாவது ஒருத்தன் பயந்துகினு எடுப்பான்."

அவர் எழுதி எத்தனையோ பேருக்குக் காரியம் நடந்திருக்கிறது. நானும் போட்டேன். அதே பக்கத்தில் தலைப்பை மாற்றி மாற்றிப் போட்டேன். அவர்கள் கூடிப் பேசும் பக்கங்களிலும் போட்டேன்.

அது ஆடிக் கிருத்திகை சமயம். கூட்டத்தில் ஊர் முழுக்க நெட் படுத்துவிட்டது. காவடிகள் மலையிறங்கி, நெட் வந்து பார்த்தால், ஒரே ஆள் ஒரே விஷயத்தை எல்லா இடத்திலும் இறைக்கிறார் என்று அத்தனையையும் மூடியிருந்தார்கள். கட்டைவிரல்கள் விழுந்திருந்த பழைய கோரிக்கையும் அதோடு போயிற்று. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் என்னை உள்ளேயே விடவில்லை. கெடு முடிந்தது, பதிவு ரத்தானது, அடுத்த பருவத்துக்குக் கல்லூரியில் என்னைக் கூப்பிடவில்லை. காலையில் எழுந்து எதற்குத் தலை சீவுகிறோம் என்று இருந்தது.

போன வாரம் புதிய பதிப்பு வந்தது. மெனுவில் அந்த வசதி இருந்தது. வேறு யாரோ பிற்பாடு ஒரே ஒரு முறை கேட்டிருந்தார். அவருக்கு நன்றி சொல்லிப் போட்டிருந்தார்கள். என் பழைய விவரங்களை ஏற்றி பட்டனை அழுத்தினேன். மூச்சு விடுவதற்குள் அட்டவணை வந்து நின்றது. இனி அதை யாரிடம் காட்ட?

பின்னால் நின்று பார்த்த பாவாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, நாலு எடத்துல போட்டதாலதான் நடந்துச்சு. யுனிவர்சிட்டிக்கும் இதே மாதிரி போட்டுடலாம்மா. நகலெல்லாம் நான் பாத்துக்கறேன்."

நடந்ததைச் சொல்லி அவரிடம் ஒரு நாள் சண்டை போட வேண்டும் என்று இத்தனை மாதமும் மனசில் வைத்திருந்தேன். அன்று அதற்கும் தெம்பில்லை.

"எழுதுங்க பாவா" என்றேன்.