திதிச் சோறு தின்ற வாத்து

ஆக்லாந்தின் ஒனிஹங்கா குளத்தங்கரைப் புல்வெளியில் வாத்து விரட்டும் வேலை யோகராணி அக்காவுடையது. கல்லெறிவதில்லை, வெடி போடுவதில்லை. ஜெஸ் என்ற நாயை அவிழ்த்துவிட்டு, கனடா வாத்துகளைத் தொடாமல் தண்ணீருக்குத் தள்ளவேண்டும்.

நடக்க முடியாதபடி எச்சம் சேர்ந்தபோது அவற்றைக் கொன்றுவிடலாம் என்று மாநகரசபையில் பேச்சு எழுந்தது. கரையோரப் புல்லை உயர வளரவிட்டு, தாழ்வாகக் கயிறு கட்டி, நாயை விட்டால் தானாகப் போய்விடும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன்; படித்த சூழலியல் உயிர்காக்க உதவுகிறதே என்று பெருமையாக இருந்தது. தவணை மார்கழி வரைதான். அதன்பின் இறகு உதிர்த்து அவை பறக்க முடியாமல் நிற்கும். மிச்சம் இருப்பதை வளைத்துக் கொன்றுவிடுவார்கள்.

அக்காவின் கணவர் யசீகரன் முந்தைய தை மாதம் இறந்தார். மாதந்தோறும் அவர் திதிக்குச் சோறு படைத்து, காகம் எடுத்த பிறகுதான் அக்கா சாப்பிடுவார். ஆக்லாந்தில் காகம் ஏது? அவருடைய ஃபிளாட்டில் முற்றமும் இல்லை. வேலைக்கு வரும்போது சோற்றைக் கொண்டுவந்து கரையில் வைத்தார். முதலில் வந்தது கால் விந்தும் ஒரு வாத்து. மறுமாதமும் அதுவே வந்தது.

"மற்றதெல்லாம் என்னைக் கண்டா ஓடும் தம்பி. இது வரும். அவரும் அப்பிடித்தான், எவ்வளவு ஏசினாலும் சாப்பாட்டுக்கு வந்திடுவார்" என்று சிரித்தார்.

கார்த்திகையில் கூட்டம் கலைந்தது. கால் விந்தும் அந்த வாத்து மட்டும் போகவில்லை. அது மேய்வதைப் பார்த்து மற்றவையும் திரும்பி வந்து இறங்கின. நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

"சோறு வைக்கிற வரைக்கும் அது போகாதுக்கா. அது இருந்தா எல்லாம் வரும்."

"அவருக்கு வருசம் திரும்புற ஆட்டைத் திவசம் மட்டும் முடியட்டுமே."

"அது தையிலதானே. அதுக்குள்ள கொன்னுடுவாங்க."

ஜெஸ்ஸின் கயிற்றை நீவிவிட்டார். "விரட்டுறதும் நான், கூப்பிடுறதும் நான்" என்றார்.

மறுநாள் காலை அக்காவைக் கண்டதும் அந்த வாத்து விந்தி விந்தி நேரே அவரிடம் வந்தது. அக்கா விசிலடித்தார். ஜெஸ் பாய்ந்தது. நாய் அருகில் வரும்வரை வாத்து நகரவில்லை. அக்காவின் கையையே பார்த்து நின்றது. பிறகு எழும்பித் துறைமுகப் பக்கமாகப் பறந்தது. திரும்பி வந்தபோதெல்லாம் விசிலடித்தார். ஒருநாள் அது வரவில்லை. பின்னாலேயே மற்றவையும் போயின. கொல்லும் பேச்சு நின்றது.

திவசத்தன்று என் வாடகை வீட்டின் பின்புறம் இலை போட்டுச் சோறு வைத்தார். நிமிடத்தில் மைனாக்கள் வந்து கொத்தின.

"எடுத்திடுச்சே, சாப்பிடுங்கக்கா" என்றேன்.

"ஓம்" என்றார். மைனாக்களை அவர் பார்க்கவில்லை. இலை வெறுமையான பிறகும் துறைமுகப் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.