கினிப் பன்றிக்கு மூன்று மாடி

மகளின் கினிப் பன்றிகளுக்குக் கூண்டு செய்யப் பலகை அறுத்தேன். மரத்தூள் வாசனை என்னைச் சின்ன வயதில் இருந்த வில்லியனூர் வீட்டுக்கே கொண்டுபோனது.

நான் ஆசைப்பட்டு வாங்கிவந்த இரண்டு குட்டிகளுக்காக, அத்தா, அதாவது என் அப்பா, தன் கடையின் ஆப்பிள் பெட்டிகளைப் பிரித்து மூன்று மாடிக் கூண்டு செய்தார். பெயரைக் கேட்டதும் அம்மா கொதித்தாள்.

"இன்னாது, பன்னியா? வூட்டுக்குள்ள வரக்கூடாது!"

"பேருதான்டி அப்டி. புல்லு துன்ற எலி," என்றார் அத்தா.

கூண்டு கொல்லையிலேயே நின்றது. மாடிக்கு ஏறும் சாய்வுப் பலகையில் குட்டிகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தால், பலகைகளில் கோணித்துணி அடித்திருந்தது. குட்டிகள் மூன்றாம் மாடியில் கீரை தின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் சுத்தியலும் கையுமாக அம்மா.

"அத்தாவக் கூப்புடு. மழ வர்ற மாரி இருக்கு, கூண்ட உள்ள தூக்கி வெக்கட்டும்."