ராட்டினத்தில் லாபம் எவ்வளவு?

பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறினால்தான் தலை சுற்றும் என்று நினைப்பவர்கள், கீழே நின்று அதற்கு வரவு செலவு பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி அறுபதுகளின் பாதிவரை, கோடையில் திருச்சி மைதானம், மார்கழியில் ஸ்ரீரங்கம் என்று ஊருக்கு ஊர் இடம் மாறும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு மேனேஜராக இருந்தேன். பெரிய ராட்டினம், குதிரை ராட்டினம், மோட்டார் சைக்கிளைச் சுவரில் ஓட்டும் மரணக் கிணறு, ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடிக் கூடாரம் எல்லாம் எங்களுடையவை. மேனேஜர் என்பது பெயருக்குத்தான். டிக்கெட் கொடுப்பதும் திட்டு வாங்குவதும் என் வேலை.

முதலாளி திண்டுக்கல்காரர். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். தரை வாடகை, டீசல், விளக்கு, வரி எல்லாம் போக அன்றைய வசூலில் மிச்சம் இருந்தால்தான் ஆட்களுக்குச் சாப்பாட்டுப் படி. மிச்சம் இல்லையென்றால் படியும் இல்லை. சம்பளம் என்று ஒன்று மாதக் கடைசியில் பேருக்கு உண்டு. ஆனால் அன்றாடம் வயிறு நிறைவது அந்தப் படியில்தான். லாபம் வந்தால் முதலாளியின் பைக்கு, நஷ்டம் வந்தால் ஆட்களின் வயிற்றுக்கு! இது எந்த ஊர் நியாயம்? சினிமாக் கொட்டகை வாசலிலும் சர்க்கஸ் கூடாரத்திலும் கல்லாவில் உட்கார்ந்து நொந்துபோன நண்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

பெருக்கத் தெரிந்தவர்கள்

கூட்டமுள்ள நாளில் வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டும். உடனே ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு தொட்டியில் நாலு பேர், மொத்தம் இத்தனை தொட்டி, ஆளுக்கு நாலணா, மணிக்கு இத்தனை சுற்று என்று விரல் விட்டுப் பெருக்குவார்கள். கழித்தல் என்று ஒரு கணக்கு இருப்பதை இவர்களுக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ராட்டினம் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் விடிந்ததும் தரை வாடகையை முன்கூட்டியே வைத்தாக வேண்டும். காலியாக ஓடினாலும் என்ஜின் டீசல் குடிக்கும். ஒரு மழை அடித்தால் அன்றைக்கு ஒன்பது ஆட்களும் வெறும் டீயோடு படுக்கப் போவார்கள்.

உறையூரிலிருந்து ஒரு சேலை வியாபாரி குடும்பத்தோடு வந்திருந்தார். என் ஊர்க்காரர், தெரிந்தவர்தான். வரிசையில் நின்றபடியே ஒரு மாதத்துக்கான வருமானத்தைப் போட்டு முடித்து, டிக்கெட் ஜன்னலுக்குள் தலையை விட்டு எனக்கே அதை வாசித்துக் காட்டினார். அன்று பகலெல்லாம் தூறல். படி கொடுக்க வழியில்லாமல் நான் எரிச்சலில் இருந்தேன். தறியில் நூல் விலை, கூலி எல்லாம் தெரிந்த மனுஷர், ராட்டினம் மட்டும் காற்றில் ஓடுகிறது என்று எப்படி நம்பினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் டிக்கெட்டை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் போட்ட கணக்குப்படி பாத்தா நீங்க இந்நேரம் மலைக்கோட்டையையே விலைக்கு வாங்கியிருக்கணுமே!"

ஏகாதசிக் கூட்டம்

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் எள் விழ இடமிருக்காது என்று முதலாளியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னது பொய்யில்லை. ராத்திரியெல்லாம் கண் விழிக்கிற ஜனம் பொழுது போக நம்மிடம்தானே வரும் என்று அவர் கணக்குப் போட்டார். மைதானத்தைக் குத்தகை எடுத்திருந்தவரும் அதே கணக்கைப் போட்டு அன்றைக்கு மட்டும் வாடகையை இரட்டிப்பாக்கினார். இரண்டு பேருமே ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். வந்தவர்கள் விரதம் இருக்க வந்தவர்கள். காலி வயிற்றோடு ராட்டினத்தில் ஏற யாருக்குத் துணிவு வரும்? மறுநாள் துவாதசிப் பாரணைச் சாப்பாடு முடிந்ததும் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஓடினார்கள். எங்கள் குதிரைகளின் மீது காக்கை உட்கார்ந்திருந்தது.

வாடகையில் ஒரு பகுதியாவது குறையுங்கள் என்று குத்தகைக்காரரிடம் கெஞ்சினேன். கூட்டம் வந்ததா இல்லையா, ஏறும் என்று நான் சொன்னேனா என்று திருப்பிக் கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஏகாதசி விடியலில் பரமபத வாசல் கடந்து வந்துகொண்டிருந்த ஒரு மாமியைப் பார்த்து, "ஒரு சுத்து ஏறுங்க மாமி, ஊரே தெரியும்" என்று கூவிப் பார்த்திருந்தேன். வாய் விட்டுக் கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டது என் நிலைமை. மாமி நின்று, ராட்டினத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்: "இப்பத்தான் பெருமாள் பின்னாடி பரமபத வாசல் கடந்து வந்திருக்கேன். இதுல மேலே போனா மறுபடியும் கீழே வந்தாகணுமே, நேக்கு எதுக்குடாப்பா அது?"

பாஸ் வாங்கிய குடும்பம்

ஒரு ராட்டினம் நட வேண்டுமானால் எத்தனை ஆபீஸ் படி ஏற வேண்டும் தெரியுமா? இடத்துக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்துப் போட்ட பேனாவை மூடுவதற்கு முன்பே, "குடும்பத்துக்கு ஒரு பாஸ்" என்பார்கள். இவர்களுடைய குடும்பம் எது வரைக்கும் என்பதுதான் விஷயம். மச்சினன், மச்சினனின் நண்பன், மாடியில் குடியிருப்பவர், பால்காரர் பிள்ளைகள் எல்லாரும் குடும்பம். காசு கொடுத்தவர்கள் வரிசையில் காத்திருக்க, பாஸ்காரர்கள் நேராக வந்து ஏறுவார்கள். இறங்கவும் மாட்டார்கள்.

பாலக்கரைச் சவரிமுத்துதான் பெரிய ராட்டினத்தின் என்ஜின்காரர். ராட்டினத்தைச் சுழற்றும் பெல்ட்டை என்ஜினில் போட்டு, லீவரைப் பிடித்து நின்றால் ஒரு குழந்தைக்குக்கூடக் குலுங்காமல் இறக்கிவிடுவார். அதிகம் பேசாதவர். ஒரு நாள் பாஸ் குடும்பம் மூன்றாம் தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "சார், அந்த மஞ்சத் தொட்டியில சுத்துறது என் ராத்திரிச் சோறுங்க" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தக் குடும்பம் ஒரு வழியாக இறங்கியது. குடும்பத் தலைவி தன் பட்டுப் புடவையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துக் கைகூப்பத் தயாராக இருந்தேன், மடையன். அவர் கேட்டது இது: "ஓசிதானேன்னு சீட்டைத் தொடைக்காமலே விட்டுட்டீங்களா?"

மூன்று நிமிஷம்

முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. சுற்றைக் கொஞ்சம் குறைத்தால் மணிக்கு இன்னும் இரண்டு ஆட்டம் கூடும், டீசலும் மிச்சம். போர்டில் எழுதியிருந்த 'மூன்று நிமிஷம்' மட்டும் அப்படியே இருக்கும். இதை ஆட்களுக்குச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சவரிமுத்து லீவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொள்ளையடிப்பவர் ஒருவர், அகப்படுகிறவர் இன்னொருவர் என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி.

திருவெறும்பூரில் அப்போதுதான் தொழிற்சாலை வேலைக்கு ஆட்கள் குடியேற ஆரம்பித்திருந்தார்கள். சம்பள நாளில் காக்கிச் சட்டையோடு ஒரு கூட்டம் வந்து ஏறியது. அவர்களில் ஒருவர் கையில் புதுக் கடிகாரம். இறங்கியதும் நேராக என்னிடம் வந்து கடிகாரத்தைக் காட்டினார். என்ஜின் சூடாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வெட்கத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் கேட்ட கேள்வியை நான் முதலாளியிடம் கேட்டிருக்க வேண்டும். "சங்கு ஊதுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நாங்க மெஷினை நிறுத்துனா சம்பளத்துல பிடிக்கிறாங்க சார். உங்களுக்கு யாரு பிடிக்கிறது?"

வரி அதிகாரியின் மாமியார்

பாஸ் கொடுத்தால் அந்த ஓசி டிக்கெட்டுக்கும் கேளிக்கை வரியை நாங்களே கட்ட வேண்டும். ஏறுவது அவர்கள், வரி எங்களுடையது! இது தெரிந்த ஒரே மனிதர் எங்கள் பகுதி வரி அதிகாரி. அதனால் அவர் பாஸ் கேட்பதே இல்லை. டிக்கெட்டும் இல்லாமல், பாஸும் இல்லாமல் குடும்பத்தை ஏற்றிவிட்டு, எங்களுக்கு வரியை மிச்சப்படுத்திக் கொடுத்ததாகப் பெருமை பேசுவார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனைவி, பிள்ளைகள், வையம்பட்டியிலிருந்து வந்திருந்த மாமியார், மச்சினன் என்று இரண்டு தொட்டி நிறைய ஏற்றிவிட்டு, என் பக்கத்தில் நின்று வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் அவருடைய மேலதிகாரி, திடீர் சோதனைக்கு வந்திருந்தார். நம்மவர் கடலைப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, "நானும் செக் பண்ணத்தான் சார் வந்தேன்" என்றார். மேலதிகாரி ராட்டினத்தை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு தொட்டியாகக் கீழே கொண்டுவந்து டிக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த இரண்டு தொட்டியும் உச்சியில் நின்றன. நான் உண்மையைச் சொன்னால் நாளைக்கு எங்கள் லைசென்ஸ் இருக்காது. சொல்லாவிட்டால் அபராதம். நம்மவரைப் பார்த்தேன். அவர் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டிகள் கீழே வரும் நேரத்தில் நம்மவர் சட்டென்று பர்ஸை எடுத்து, "பாவம் சார், கிராமத்து ஜனங்க, தெரியாம ஏறிட்டாங்க போலிருக்கு. நானே டிக்கெட் எடுத்துடறேன்" என்றார். மேலதிகாரி அவருடைய தாராள மனசைப் பார்த்து நெகிழ்ந்துபோய்த் தட்டிக் கொடுத்தார். அப்போது தொட்டியிலிருந்து எட்டிப் பார்த்த மாமியார், கூட்டமே திரும்பும்படி கத்தினார்: "மாப்பிள்ளே! இது உங்க ஆபீஸ் ராட்டினம்னு சொன்னீங்க, அப்புறம் எதுக்குக் காசு குடுக்குறீங்க?"

அபராதம்

மாப்பிள்ளைக்கு ஏதாவது நடந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மேலதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பி, டிக்கெட் இல்லாமல் ஏற்றியது நிர்வாகத்தின் குற்றம் என்று எழுதினார். அன்றைய வசூல் கல்லாவோடு போயிற்று. வியர்வையோடு நின்ற ஆட்களின் முன்னால் அதை எண்ணி எடுத்துக்கொண்டு போனார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இருக்கிறது என்று ஜீப்பில் ஏறும்போது மேலதிகாரி காட்டினார். குரலைத் தாழ்த்தி அவர் என்னிடம் சொன்னார்: "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எங்க வீட்லயும் ராட்டினம் பாக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க."

பெல்ட் போடாத ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் முதலாளி வந்தார். ஆட்கள் நேற்றைக்குச் சாப்பிடவில்லை என்றேன். "அபராதமும் செலவுதானேய்யா, செலவு போக மிச்சம் இருந்தாத்தானே படி" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சாவிக் கொத்தைத் தூக்கி அவர் மேஜையில் எறிந்தேன். அவர் அதைப் பொறுமையாக எடுத்து மறுபடி என் கையில் வைத்துவிட்டு, மேலதிகாரி குடும்பத்தை வரவேற்க வாசலுக்குப் போனார்.

குடும்பம் வந்தது. முதலாளியே தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டியைத் துடைத்து அவர்களை உட்கார வைத்தார். எதிரே டிக்கெட் வாங்கிய கூட்டம் நீளமாக நின்றது. சவரிமுத்து பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்ஜினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மற்ற எட்டு பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "ஏன் இன்னும் சுத்தல?" என்று தொட்டியிலிருந்து அம்மாள் கேட்டார். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. நேற்றைய படி வந்தால்தான் பெல்ட் ஏறும் என்று சவரிமுத்து மெதுவாகச் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் மலைக்கோட்டையைப் பார்த்தேன்.

அந்தப் பணம் கல்லாவிலிருந்து வரவில்லை. முதலாளியின் இடுப்புப் பையிலிருந்து நேராக வந்தது. ஒன்பது பேருக்கும் நேற்றைய படியோடு அன்றைய படியும் சேர்த்து, ஒரு சுற்றுக்கூடச் சுற்றுவதற்கு முன்பே கைக்குக் கிடைத்த ஒரே நாள் அதுதான். சவரிமுத்து நோட்டை மடித்து வைத்துக்கொண்டு, பெல்ட்டை மாட்டி, அந்தக் குடும்பத்தைப் பூப்போல மேலே ஏற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் வெட்கமில்லை. லீவரில் கையை வைத்தபடியே அவர் என்னிடம் சொன்னார்: "தினமும் ஒரு ஆபீசர் வீட்டைக் கூட்டிட்டு வந்து இப்படி உக்கார வைங்க சார், எங்களுக்குச் சோறு தவறாது."

ராட்டினத்தில் லாபம் உண்டா என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். தாராளமாக உண்டு, எனக்குத் தெரிந்து டிக்கெட் வாங்காமல் ஏறிய ஒருவர்கூட அதில் நஷ்டப்பட்டதில்லை.