பன்றிக்குத் திருஷ்டி சுற்றியவர்

பன்றி என்றதும் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துச் சாக்கடையில் உருளும் கறுப்பு நாட்டுப் பன்றியை மட்டும் நினைத்துக்கொண்டு மூக்கைப் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அதைச் சாக்கடையில் விட்டது யார்? இடமும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள், படுக்கிற மூலையில் அது அசிங்கம் பண்ணாது. நம் ஆட்கள்தான் பேருந்து நிலையத்துச் சுவரைக்கூட விட்டுவைப்பதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் முசரவாக்கத்தில் நானும் என் கணவரும் கொட்டகை போட்டபோது வாங்கியது வெள்ளை யார்க்‌ஷயர். நீண்ட உடம்பு, நிமிர்ந்த காது, குட்டிகளைப் பார்த்துக்கொள்வதில் கெட்டி. லேண்ட்ரேஸும் வெள்ளைதான், ஆனால் காது கண்ணை மூடித் தொங்கும். செம்பழுப்பாக இருப்பது டியூராக். சீக்கிரம் எடை போடும். இதெல்லாம் கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்தது. சொந்தக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் வீட்டுப் பக்கம் வராதே.

என் கணவரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுபவர், அதில் முதல் ஆள். கொட்டகை போட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. செம்பை நீட்டினால், "வேணாம்மா, குடிச்சிட்டுதான் வந்துக்கினு இருக்கேன்" என்பார். வெயிலில் நாக்கு வறண்டு நிற்பார், குடிக்க மாட்டார். நிலமோ பாகம் பிரிக்காதது. "ஒரு ஈத்து பாக்கலாம்பா. குட்டிங்க தேறலன்னா கொட்டகைய பிரிச்சிப் போட்டுடணும்" என்று தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆக, அந்த முதல் ஈத்துதான் எங்கள் பிழைப்பு. ஏனாத்தூர் கல்லூரி விடுதிகளில் மிஞ்சிய சோற்றைக் கேனில் கொண்டுவந்து, மறுபடி கொதிக்க வைத்து, ஆறவைத்துப் போட்டோம். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பது சினைக்கணக்கு. சொல்லிவைத்தாற்போல் ஒரு காலையில் எங்கள் பன்றி பதினொரு குட்டி போட்டது. ஒவ்வொன்றையும் துடைத்து முலையில் விட்டேன். ஈன்ற பன்றி மிரளக் கூடாது, மிரண்டால் எழுந்து சுழன்று குட்டிமேலேயே விழும் என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கொட்டகைப் பக்கம் யாரையும் இருமக்கூட விடவில்லை நான்.

மத்தியானம் மாமா வந்தார். பதினொன்று என்ற செய்தி தெருவெல்லாம் போய்விட்டதல்லவா! ஒரு வருஷமாய்க் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், கையில் பூசணிக்காயும் கற்பூரமும், சட்டைப் பையில் சரவெடியும்.

"நம்ம வூட்டுப் பன்னி, இன்னா வெள்ளை! ஊரு கண்ணு பட்டுடும்மா, திஷ்டி சுத்திடலாம்" என்றார். நம்ம வீட்டுப் பன்றியாம்!

"வேணாம் மாமா, சத்தம் ஆவாது" என்று நான் ஓடிவருவதற்குள் கொட்டகை வாசலில் பூசணிக்காயை உடைத்து, வெடியையும் கொளுத்திவிட்டார்.

தாய்ப்பன்றி துள்ளி எழுந்தது. சுவரில் மோதிச் சுழன்றது. பொத்தென்று விழுந்தது. அடியில் குட்டிகள் கத்திய கத்தலை எழுத எனக்கு வரவில்லை. நானும் கணவரும் சேர்ந்து அதைப் புரட்டுவதற்குள் நான்கு குட்டிகள் போய்விட்டன.

"பாத்தியா, எவ்ளோ பெரிய கண்ணு பட்டிருக்குது!" என்றார் மாமா.

"கண்ணு இல்ல மாமா, உங்க வெடி!" என்று கத்தினேன். அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அவர்முன் குரல் உயர்த்தியதில்லை. "இன்னும் ஏழு இருக்குது. ஏழும் தேறும். கொட்டகைய யாரு பிரிக்கிறாங்கன்னு பாக்கறேன்."

ஏழும் தேறின, கொட்டகையும் நின்றது. அது பிறகு நடந்தது. அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முகம் வெளுத்துப்போய் மாமா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றார். ஒரு வருஷத்தில் முதல் தடவை.

மொண்டு வந்தேன். அவர் கை நீட்டினார். அவரைத் தாண்டிப் போய் அந்தத் தண்ணீரைத் தாய்ப்பன்றியின் தொட்டியில் ஊற்றினேன். ஈன்ற களைப்பில் அது ஒரே மூச்சில் குடித்தது.

"நீங்க குடிச்சிட்டுதான வந்திருப்பீங்க மாமா?" என்றேன்.