மால்சுன் வீட்டு பால்கனி வாட்டம்

ஓ மால்சுனுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் சொந்த வீடு அமைந்தது. தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தைப் பார்த்த மலைச்சரிவில், ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. கட்டி முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்ததால் குழாய், தரை, சுவர் எதையும் அப்படியே விட முடியவில்லை. வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டதால், வேலை நடக்கும்போதே அவளும் கணவர் கில்தேயும் உள்ளறையில் குடித்தனம் நடத்தினார்கள். குக்கர் குளியலறையில் இருந்தது. சோற்றில் சிமெண்டு கரகரத்தது.

"இன்னும் பத்து நாள் இதத் தின்னா வயித்துக்குள்ளயே ஒரு சுவர் எழும்பிடும்" என்றார் கில்தே.

"எழும்பட்டும். அதுக்கும் பெயின்ட் அடிச்சிடலாம்."

வேலை தொடங்குமுன் கட்டடத்துக் குடும்பங்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கப் போனாள். கீழ்வீட்டு ஹான் அம்மாள் மட்டும் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார்.

"முன்னாடி இருந்தவங்க கிம்ச்சி போடுறேன்னு பால்கனில தண்ணியக் கொட்டி என் கூரைய நனைச்சாங்க. நீங்களும் போடுவீங்கல்ல?"

"போடாம இருப்பேனா? ஆனா ஒரு சொட்டு கீழ இறங்காது. அதுக்கு நான் பொறுப்பு."

கையெழுத்து கிடைத்தது.

முட்டைக்கோஸை உப்பிலும் மிளகாய் விழுதிலும் ஊறவைக்கும் இந்தக் கிம்ச்சி அவளுக்குச் சின்ன விஷயமல்ல. இருபத்தாறு வருஷமாகக் குளிர்காலக் கிம்ச்சியைக் குடும்பம் முழுக்க மூத்த ஓரகத்தி வீட்டில்தான் கூடிப் போட்டது. ஓரகத்தி உப்புக் காரம் பார்ப்பாள். மால்சுன் ஓரமாய்க் குந்தி முட்டைக்கோஸ் கழுவுவாள். இந்த வருஷம் எல்லார் முன்னிலையிலும் "என் வீட்டில்" என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, அறுபது முட்டைக்கோஸ். அதற்காகவே, பால்கனியை இடித்து ஹாலோடு சேர்க்கச் சொன்னவர்களையெல்லாம் மறுத்திருந்தாள்.

செவ்வாய் பிற்பகல் டைல்ஸ் மேஸ்திரி பியோ பால்கனியை முடித்துவிட்டு, மால்சுன் தினமும் தரும் மூன்று மணி நூடுல்ஸுக்காகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் கிண்ணத்தை நீட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு பால்கனிக்குள் போனாள். இரண்டு நடை நடந்தாள்.

"மேஸ்திரி, தண்ணி ஓடுற வாட்டம் சரியில்ல."

"ரசமட்டம் வச்சுத்தாம்மா பதிச்சிருக்கேன். முப்பது வருஷ சர்வீஸ். உங்க கால் என் ரசமட்டத்தவிட பெருசா?"

"இருபத்தேழு வருஷமா பெண்கள் பொதுக் குளியல்கூடத்துத் தரையக் கழுவுற கால் இது. முதல்ல தண்ணி, அப்புறம்தான் நூடுல்ஸ்."

ஒரு பேசின் தண்ணீரை ஊற்றினாள். பாதி, தண்ணீர் இறங்கும் ஜாலியை நோக்கி ஓடியது. மீதி மெல்ல உள்சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கேயே தேங்கியது. அதற்கு நேர் கீழே ஹான் அம்மாளின் கூரை.

பியோ ரசமட்டத்தை எடுத்து நீளவாக்கில் வைத்தார். குமிழ் சரியாகத்தான் சொன்னது. மால்சுன் அதை வாங்கி அகலவாக்கில் திருப்பி வைத்தாள். குமிழ் வெளிப்பக்கம் நகர்ந்தது.

பியோ தேங்கிய தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்து, "ரெண்டு கை தண்ணிதானம்மா. காஞ்சிடும். ஞாயித்துக்கிழம வேற உங்களுக்கு ஆள் வராங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஓரகத்தி போன் செய்தாள். "உன் வீடு ஒரே தூசின்னு கில்தே சொன்னான். வழக்கம்போல என் வீட்டுலயே வச்சுக்கலாமே."

மால்சுன் தேங்கிய தண்ணீரைப் பார்த்தாள். பெயர்த்துப் பதித்தால், முட்டைக்கோஸை உப்பில் போடவேண்டிய சனிக்கிழமைக்குள் கலவை இறுகுமா என்பது சந்தேகம். இறுகாவிட்டால் இந்த வருஷமும் அந்த வீட்டு ஓரம்தான்.

"இங்கதான் அக்கா. கையுறை எடுத்துட்டு வாங்க" என்று போனை வைத்தாள். "மேஸ்திரி, உள்சுவர் ஓரத்து மூணு வரிசையப் பேத்திடுங்க."

பியோ பெருமூச்சு விட்டார். ஆனால் உளியை எடுத்தார். அவள் உடைந்த துண்டுகளை மூட்டை கட்டினாள். ஒவ்வொரு டைலையும் பதித்ததும் அவர் ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்து, அவள் முகத்தையும் பார்த்தார். அவள் தலையாட்டிய பிறகே அடுத்தது. அன்று நூடுல்ஸ் மாவாய்க் குழைந்துபோயிருந்தது. அப்படியும் பியோ இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை டைலைக் குதிகாலால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. முட்டைக்கோஸை உப்பில் போட்டாள்.

ஞாயிறு காலையிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மிளகாய் விழுதில் முழங்கை வரை சிவந்த பெண்கள் ஆறு பேர். பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஹான் அம்மாள். மால்சுனின் கண் பால்கனித் தரைக்குப் போனது.

"காலைலேர்ந்து சத்தம் கேக்குது. நானும் கூரையவே பாத்துட்டு உக்காந்திருந்தேன், கழுத்து வலிதான் மிச்சம்" என்ற ஹான் அம்மாள், முதுகுக்குப் பின்னாலிருந்து ரப்பர் கையுறையை எடுத்தார். "எனக்கும் ஒரு இடம் விடுங்க."

கடைசி உப்புத் தண்ணீரை ஓரகத்தியே கொட்டினாள். அது எங்கும் நிற்காமல் ஜாலிக்குள் இறங்கியதை இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு விழுதை நாக்கில் வைத்து, வழக்கம்போல் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தவள், மால்சுன் பக்கம் திரும்பினாள்.

"உப்பு போதுமா, நீ சொல்லு. உன் வீடு."

"இன்னும் ஒரு கை போடலாம்" என்றாள் மால்சுன்.

"சரி. அந்த மேஸ்திரி நம்பரயும் குடு. என் பால்கனில தண்ணி நிக்குது."

"தரேன் அக்கா. ஆனா தண்ணி ஊத்திப் பாக்க நான் வருவேன்."